சனிக்கிழமை பக்கெட்

நவம்பர் 3, திங்கள்

கடையில் இன்று சீல் வைத்தார்கள். முழுக் கடைக்கும் இல்லை, பின்னால் இருக்கும் நான்கு தொட்டிகளுக்கு மட்டும். யாரோ மனு போட்டிருக்கிறார்கள். யாரென்று யோசித்துத் தலையை உடைத்துக்கொள்ளப் போவதில்லை. கொளத்தூரில் வண்ண மீன் விற்கிற அத்தனை பேருக்கும் என் சிவப்பு ஜீப்ரா மீன் மேல் ஒரு கண் உண்டு.

மீன்வளத் துறையிலிருந்து வந்த அலுவலர் பெயர் ஜெசிந்தா. முப்பது வயது இருக்கும், தூத்துக்குடிப் பேச்சு. சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. அதுதான் எனக்கு உதைத்தது. எட்டு மீனைக் குப்பியில் போட்டுக்கொண்டார். சோதனை முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை இந்த மீனை விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, சாகடிக்கவும் கூடாது. தினமும் எண்ணி நோட்டில் எழுத வேண்டும்.

ஒரு படிவம் நிரப்பினோம். எங்கே வாங்கியது? வெளியூர் பார்ட்டி. இது குஞ்சு பொரிக்குமா? பொரிக்காது மேடம், மலட்டு மீன், அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். கடைக்கு வெளியே எங்காவது விட்டதுண்டா? இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மேடத்துக்கு ஒரு நோட்டு. இந்த டைரி எனக்கு. மீன் தீனிக் கம்பெனிக்காரன் வருடா வருடம் கொடுப்பான், ஜனவரி பத்தோடு நின்றுவிடும். இந்த முறை கை தானாக எழுதுகிறது.

உயிரோடு 212.

நவம்பர் 4, செவ்வாய்

ஒரு மீன் செத்தது. நோட்டில் ஏற்றினேன்.

சீலைப் பார்த்துவிட்டு ஒரு வாடிக்கையாளர், "சாயம் ஏத்துன மீனாக்கா?" என்று கேட்டார். சாயம் ஏற்றிய மீனும் இந்தத் தெருவில் ஒரு காலத்தில் ஓடியது. கண்ணாடி மாதிரி இருக்கும் மீனுக்கு ஊசியில் நிறம் போடுவார்கள். மூன்று மாதத்தில் வெளுத்துவிடும், பாதி செத்தும் விடும். அதை நான் தொட்டதில்லை.

இது வேறு. கடலில் இருக்கும் ஒரு ஜந்துவின் உடம்பில் நிறத்துக்கென்று ஒரு சங்கதி இருக்கிறதாம். அதை எடுத்து ஜீப்ரா மீனின் முட்டைக்குள் வைத்துவிட்டார்கள். முட்டையிலேயே வைத்ததால் உடம்பு முழுக்க அந்த நிறம். நீல விளக்கின் கீழ் வைத்தால் தணல் மாதிரி இருக்கும். குஞ்சு பொரித்தால் குஞ்சுக்கும் அதே நிறம். வெளுக்காது. மேடம் அதை ஜீன் என்கிறார். நான் கடையில் "பிறவிக் கலர்" என்று சொல்லி விற்றேன்.

அனுமதி இல்லாத சரக்கு என்று தெரியும். தெரியாது என்று இந்த டைரியில் எழுதப் போவதில்லை. தெருவே விற்றது, நானும் விற்றேன்.

நவம்பர் 6, வியாழன்

உயிரோடு 211.

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்று ஜெசிந்தா மேடம் கேட்டதற்கு, "சின்னதா ஆரம்பிச்சேன்" என்று மட்டும் சொன்னேன். சின்னது என்றால் சாக்கடை. ஓட்டேரி கால்வாயில் இடுப்பளவு நின்று துணி வலையில் புழு வாரி, அலசி, மீன் கடைகளுக்குத் தீனியாகப் போட்டேன். கூட வாரியவன் எத்திராஜ். இன்று என் தொட்டிகளைக் கழுவுகிறவனும் அவன்தான். என்னைவிட ஆறு வயது பெரியவன். கடையில் மற்றவர்கள் என்னை முதலாளியம்மா என்பார்கள், அவன் மட்டும் "இன்னா பாக்கியம்" என்பான். கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் என் வீட்டுக்காரர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு பாடிப் பக்கம் போனபோது, மறுநாள் காலை கால்வாய்க்கு என்னைக் கூப்பிட வந்தவனும் அவன்தான். போனவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தண்ணி ஏறிக்கினு கீது, சீக்கிரம் வா" என்றான்.

சிவப்பு ஜீப்ராவை முதலில் கொண்டுவந்த பார்ட்டி, "மலடுக்கா. எவ்ளோ தலைகீழா நின்னாலும் குஞ்சு எடுக்க முடியாது. திரும்பத் திரும்ப எங்கிட்டதான் வாங்கணும்" என்று சிரித்தான்.

அந்தச் சொல்லை அவன் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

நவம்பர் 7, வெள்ளி

சங்கத் தலைவர் துளசிங்கம் வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

"யக்கா, ரிசல்ட் என்னா வரும்னு உனுக்கும் தெரியும், எனுக்கும் தெரியும். அபராதம் போடுவான். சங்கத்துல பங்கு போட்டுக் கட்டிடலாம். நாலு தொட்டிய ஒழிச்சுட்டு நீ உன் கோல்டு ஃபிஷ்ஷ வித்துக்கினு இரு. ஆனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததச் சொன்னா, தெரு மொத்தமும் தோண்டுவாங்க."

"கேக்காதது என்னா இருக்குது துளசிங்கம்?"

"ஒண்ணும் இல்லன்னா நல்லதுதான்" என்று என்னைப் பார்த்தார். டீயைப் பாதி வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 8, சனி

எத்திராஜ் வழக்கம்போல் பக்கெட்டைக் கழுவி எடுத்துவந்தான். இன்றைக்கு வேண்டாம் என்றேன். பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

நவம்பர் 10, திங்கள்

நல்ல மழை. உயிரோடு 209.

நவம்பர் 11, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். மனசுக்குள் வைத்துக்கொண்டு நோட்டில் எண்ணிக்கை போட்டுக்கொண்டிருப்பது எனக்கே நடிப்பாகத் தெரிகிறது.

மலட்டு மீனில் நான் குஞ்சு எடுத்தேன். இரண்டரை வருடம் ஆகிறது. நூறு மீனில் நான்கைந்தாவது அவர்கள் மலடாக்கும் வேலையிலிருந்து தப்பியிருக்கும் என்று ஒரு கணக்கு. வயிறு உருண்டு தெரிந்த பெட்டைகளாகப் பொறுக்கினேன். ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் மாதம் ஒருத்தி முட்டை விட்டாள். ஜீப்ரா தன் முட்டையைத் தானே தின்றுவிடும். அதனால் தொட்டி அடியில் கோலிக்குண்டு பரப்பிவைத்திருந்தேன், முட்டை இடுக்கில் விழுந்து தப்பியது. மூன்றாம் நாள் பார்த்தால் குஞ்சுகள் கண்ணாடியில் ஊசி முனை ஊசி முனையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசிக்கவே இல்லை.

எத்திராஜைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரம் போச்சு.

எல்லாக் குஞ்சும் ஒரே பளபளப்பாக வராது. சிலது மங்கல். மங்கலை யாரும் வாங்கமாட்டார்கள், தொட்டியில் வைத்துத் தீனி போடவும் கட்டாது. அது கழிவு. எங்கள் தெருவில் கழிவு மீனை யாரும் கொல்லமாட்டோம். மீனால் சோறு தின்கிறவன் விற்காத மீனைக் கொன்றால் தொழில் விளங்காது என்று ஒரு பேச்சு. கப்பி, மோலி எதுவானாலும் பக்கெட்டில் போட்டு ஏதாவது தண்ணீரில் விடுவோம். எத்திராஜ் சனிக்கிழமை தோறும் எங்கள் கழிவைப் பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் விட்டான். இரண்டு வருடமாக. நான் சொல்லித்தான்.

அந்தக் குட்டை நிரம்பினால் மதகு வழியாகக் கால்வாய், கால்வாய் வழியாக ஏரி.

இன்று இருவரும் போனோம். எத்திராஜ் வீச்சு வலை போட்டான். பத்து வீச்சு. ஜிலேபிக் கெண்டை, ஒரு விரால், பாசி. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

"எல்லாத்தயும் வெரா மீன் துன்னுச்சு பாக்கியம். கழிவுதான? தெம்பு ஏது?" என்றான்.

வரும் வழியில் இருவரும் பஜ்ஜி தின்றோம்.

நவம்பர் 13, வியாழன்

ஜெசிந்தா மேடம் எண்ணிப் பார்க்க வந்தார். 209 சரியாக இருந்தது. டீ சொன்னேன், மறுக்காமல் குடித்தார்.

கேட்டே விட்டேன். "தப்பா நெனைக்காதீங்க மேடம். மாங்கா ஒட்டு போடறாங்க, மாட்டுக்கு ஊசியில சினை போடறாங்க. என் கடையிலயே பாருங்க, பலூன் மோலி. முதுகெலும்பு வளைஞ்சு பொறந்தத ஜோடி போட்டு ஜோடி போட்டு உருண்டையாக்கினது. அதுக்கெல்லாம் சீல் இல்ல. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"

"நீங்க சொல்லுதது நியாயம்தாம்மா. மீனை மாத்துனது தப்புன்னு நான் சொல்ல வரல. மாத்துனதுல எத்தனையோ நல்லதும் இருக்கு. இது வெளிய போச்சுன்னா என்ன பண்ணும்னு யாரும் இன்னும் முழுசா பாக்கல, அவ்வளவுதான். ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா போனதைத் திருப்பிக் கூப்பிட முடியாதுல்லா."

பிறகு படிவத்தைப் புரட்டி, "நல்லவேளை, உங்களுது மலட்டு மீனு. இல்லன்னா இந்த மழையில நான் சுத்தி இருக்க குளம் குட்டை எல்லாம் எறங்கிப் பாக்கணும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். கண்ணாடியில் பார்க்காமலேயே அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது.

நவம்பர் 15, சனி

வீச்சு வலையின் கண் பெரிது. சின்ன மீன் அதில் நிற்காது. புழு வாரிய எனக்கு அது அன்றே தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

இன்று பழைய வேட்டியில் வலை தைத்து எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டியளவு இறங்கி, பாசி ஓரமாக வாரினேன். மூன்றாவது தடவை வாரியதில் வந்தது. அரிசி அளவு. பகல் வெளிச்சத்திலேயே சிவப்பு. ஒன்று, இரண்டு, பதினொன்று.

விட்டவை அல்ல. குட்டையில் பிறந்தவை.

மங்கல் என்று நான் கழித்ததும் கழித்ததும் சேர்ந்து இவ்வளவு பளிச்சென்று பெற்றிருக்கின்றன. கோலிக்குண்டு இல்லை, பொடித் தீனி இல்லை, தண்ணீர் மாற்ற ஆள் இல்லை. விராலுக்கும் கொக்குக்கும் நடுவில் பிழைத்திருக்கின்றன.

முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. அதை இங்கே எழுதாவிட்டால் இந்த டைரி எழுதுவதில் அர்த்தம் இல்லை. அந்தப் பதினொன்றையும் உள்ளங்கைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாம். வெள்ளி, சனி கனமழை என்று செய்தி. குட்டையின் தண்ணீர் மதகுக்கு முழங்கை அளவு கீழே நிற்கிறது.

எத்திராஜிடம் சொன்னேன். பீடியை அணைத்தான்.

"பிளீச்சிங் பவுடர் ரெண்டு மூட்டை. காலீல எட்த்தாந்து கொட்டிட்டா ஒரு பேச்சு இல்ல. யாருக்குத் தெரியப் போவுது?"

"அங்க எரும குடிக்குதே."

"ரெண்டு நாள் ஓட்டாதன்னு சொல்லணும்."

"ஏன்னு கேப்பானே?"

சொல்லாமல் கொட்டினால் எருமை சாகும், சொல்லிக் கொட்டினால் ஊருக்கே தெரியும். அவன் கொஞ்சம் கழித்து, "உயிரோட இருக்கறத ஏன் பாக்கியம் கொல்லணும்?" என்று கேட்டான்.

நவம்பர் 18, செவ்வாய்

துளசிங்கத்துக்கு எப்படியோ மூக்கு வேர்த்துவிட்டது. நான் குட்டையில் நின்றதை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"யக்கா, சும்மா இருந்தா அபராதத்தோட போவும். நீயே குஞ்சு எடுத்தேன், நீயே தண்ணில விட்டேன்னு சொன்னியானா கேஸு. லைசென்ஸு போவும். சாக்கட வாரி சேத்த கடை. அம்பத்தஞ்சு வயசுல மறுபடி எறங்குவியா சாக்கடையில?"

"அம்பத்தி நாலு."

"இதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஏரியில நாலு செவப்பு மீன் நீந்துனா யார் குடி முழுகிப் போவும்?"

அந்தக் கேள்வியை நேற்று முழுக்க நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். பளிச்சென்று இருப்பதால் கொக்கு முதலில் அதைத்தான் கொத்தும். ஒரு கோடையில் எல்லாம் தீர்ந்தும் போகலாம். உண்மையில் எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது.

உயிரோடு 207.

நவம்பர் 19, புதன்

கடையை அடைக்கும் முன் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு போனேன். வாலைத் தூக்க முடியாத கப்பி. கண் பிதுங்கிய கோல்டு ஃபிஷ். பலூன் மோலி. எல்லாம் மனுஷன் ஆசைக்குத் திருகித் திருகிச் செய்தது. ஜீன் என்ற வார்த்தை வருவதற்கு முன்பே அந்த வேலையைத்தான் செய்துவந்திருக்கிறோம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் இதில் எதைக் குட்டையில் விட்டாலும் பத்து நாள் தாங்காது. எங்கள் கண்ணாடிக்குள் இருக்கும் வரைதான் அதற்கு உயிர். அதனால்தான் பக்கெட்டைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சிவப்பு ஜீப்ரா மட்டும் தாங்கியது. நான் பிழைக்கவைத்ததால் தாங்கியது.

இருபத்தாறு வருட வியாபாரத்தில் எனக்கு ஒரே ஒரு ஒழுங்கு உண்டு. பாக்கெட்டில் மீன் செத்துப் போய்ச் சேர்ந்தால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுப்பேன். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வேன். திருப்பி எடுக்க முடியாத சரக்கை நான் யாருக்கும் தள்ளியதில்லை. ஆனால் இந்த மீனை வாங்காதவன் தலையில் கட்டியிருக்கிறேன். எருமைக்காரன் கேட்டானா? ஏரி கேட்டதா?

மழை வெள்ளிக்கிழமை.

நவம்பர் 20, வியாழன்

காலை ஆறரைக்கு ஜெசிந்தா மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், நான் படிவத்துல எழுதினது பொய்" என்றேன். "எந்தக் குட்டைம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஏழரைக்குள் வந்துவிட்டார். நான் வாரிக் காட்டினேன். பாட்டிலில் ஊற்றி வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். எத்திராஜ் குறுக்கே வந்து, "அவங்களுக்கு ஒண்ணியும் தெரியாது மேடம். நான்தான் விட்டேன்" என்றான்.

"வாய மூடுடா" என்றேன். அவனை நான் டா போட்டது அதுதான் முதல் தடவை.

"குஞ்சு எடுத்தது யாரு?" என்றார் மேடம்.

"நான்தான்."

"எப்படி எடுத்தீங்க? இத மலடாக்கித்தான அனுப்புதாங்க."

சொன்னேன். பெட்டையைப் பொறுக்கியது, ஏழு மாதம் காத்தது, கோலிக்குண்டு, காலை முதல் வெளிச்சத்தில் ஆண் மீனை விட்டது. எல்லாவற்றையும் அவர் நின்றபடியே எழுதினார். நடுவில் ஒரு தடவை, "ஆண் எத்தனை, பெட்டை எத்தனைன்னு சொல்லுங்க" என்று நிறுத்திக் கேட்டார். இரண்டு ஆண், ஒரு பெட்டை என்றேன். இரண்டரை வருடத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள். அந்தத் தாளின் அடியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மதகில் மணல் மூட்டை அடுக்க ஆள் வந்தது. பம்பு போட்டுத் துணி வடிகட்டி வழியாகத் தண்ணீரை இறைக்கிறார்கள். எருமைக்காரன் வேலி கட்டுகிறவர்களிடம் சண்டை போட்டான். பிறகு என்னிடம் வந்து, "நீதானாமே" என்றான். ஆமாம் என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

மழைக்கு முன் குட்டையில் பாதிக்கு மேல் இறைத்துவிட்டார்கள். மிச்சத்தில் மருந்து போட்டார்கள். விராலும் மிதந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

இரண்டு நாளும் கொட்டித் தீர்த்தது. மூட்டைகளின் உச்சிக்கு இரண்டு செங்கல் உயரம் கீழே தண்ணீர் நின்றுவிட்டதாம். கால்வாயில் மேடம் ஆள் வைத்து வாரிப் பார்த்தார், சிவப்பு கிடைக்கவில்லை.

"அப்ப போகலையா மேடம்?"

"போகலன்னு சொல்ல முடியாதும்மா. கிடைக்கலன்னுதான் சொல்ல முடியும்."

தெருவில் இன்று ஐந்து கடையில் சீல். என் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எதிர்ப்பக்கமாகப் போகிறார்கள். துளசிங்கம் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த முடிவுதான். கடை உரிமத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள், விசாரணை தை மாதத்துக்கு மேல். சீல் வைத்த மீனை இன்றே அழிக்க வேண்டும்.

கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் கலந்தால் மீன் மயங்கி, வலியில்லாமல் போய்விடும் என்று மேடம் காட்டிக்கொடுத்தார். எத்திராஜ் வெளியே போய் நின்றுகொண்டான். 207 மீனையும் நானே செய்தேன். பின்பக்கம் முழுக்கப் பல்வலிக்காரன் வீடு மாதிரி வாசம். முதல் தொட்டியில் ஒவ்வொரு மீனாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காவதில் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

காலையில் எத்திராஜ் வந்தான். கையில் மூடி போட்ட பெயிண்ட் டப்பா. கடை சாத்தியிருப்பதால் வீட்டுக்கே வந்துவிட்டான். தரையில் வைத்து மூடியைத் திறந்தான்.

ஒரு ஆண், ஒரு பெட்டை. பெட்டைக்கு வயிறு உருண்டிருந்தது.

"சீல் வெக்கறதுக்கு மின்னாடியே எட்த்துகினு போய்ட்டேன். மேடம் எண்ணறதுல இது சேரல. ஒருத்தருக்கும் தெரியாது. நீ அன்னிக்கி சாப்புடாம கொள்ளாம கண்டுபுடிச்சது பாக்கியம். ஒரு ஜோடி இருக்கட்டும். தொட்டியத் தாண்டாது, நான் பாத்துக்கறேன்."

வெளிச்சம் ஜன்னல் வழியாக டப்பாவில் விழுந்தது. ஆண் பெட்டையைத் துரத்த ஆரம்பித்தது. இந்த நேரத்தில்தான் துரத்தும். இன்னும் பத்து நிமிஷம் விட்டால் முட்டை விட்டுவிடுவாள்.

பார்த்தேன். பத்து நிமிஷம் ஆகும் முன் எழுந்து உள்ளே போய் மீதி எண்ணெயை எடுத்துவந்தேன்.

"வேணாம் பாக்கியம்" என்றான். கையைப் பிடிக்கவில்லை. அவன் பிடித்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

ஊற்றினேன். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானது. பெட்டை கடைசியாக நின்றது.

டீ வைத்து எடுத்துவந்தபோது அவன் வாசலில் இல்லை. டப்பாவையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். மேடத்துக்குப் போன் போட்டு, இன்னும் இரண்டு இருந்தது, இப்போது இல்லை என்று சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் வீட்டில்தான் வைத்திருந்தேன் என்றேன்.